பூதம் ஏன் குடை தின்றது?

"பூதம் ஏன் குடையைத் தின்னுது?"

காலை ஒன்பதரை மணி. சண்டிலிப்பாயில் ஒரு வெங்காயத் தோட்டத்தின் நடுவே, உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சைச் சாயம் பூசி, நெற்றியில் இரண்டு கொம்போடு நின்றுதான் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர் இப்படிக் கேட்டார். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவேண்டியது அதுவல்ல. "குடை வேணும், குடை வேணும், கறுமுறெண்டு கடிக்க வேணும்" என்று பாடிக்கொண்டு பாயவேண்டும்.

உதயகலா திகைத்துப்போனாள். கொக்குவிலில் முன்பள்ளி நடத்துகிறவள். நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவளே கட்டிய கதைதான் இப்போது படமாகிறது. ஒரு பூதம் ஊரிலுள்ள குடைகளையெல்லாம் தின்கிறது. அரசன் கலைக்கச் சொல்ல, பிள்ளைகள் துரத்திப் பிடித்துக் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். பூதம் தும்மித் தும்மி அத்தனையையும் கக்கிவிட்டுச் சிரிக்கிறது. பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்டதில்லை.

"பூதம்தானே மாஸ்ரர். பூதமெண்டால் தின்னும்."

"அது காரணமில்லைப் பிள்ளை. அது பழக்கம்."

மாஸ்ரர் நாற்பது வருடம் பெரிய வகுப்புகளுக்கு இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். தேவாலயப் பாடகர் குழுவில் அவர் குரல் எழுப்பினால் யன்னல் கண்ணாடி அதிரும். பூதத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தெல்லிப்பழைக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். அவர் முன்னால் தன் கதை திடீரென்று பால்போத்தல் போலத் தெரிந்தது.

"ரீச்சர், கெதியாச் சொல்லுங்கோ" என்றான் கமெராக்காரன் கஜீபன். "மூண்டு மணிக்கு எனக்கு ஒரு சாமத்தியவீடு படம்பிடிக்க இருக்கு."

சிறுவர் படவிழாவுக்கு அனுப்ப அந்தக் கிழமைதான் கடைசி. மழையால் இரண்டு முறை தள்ளிப்போன படப்பிடிப்பு. இன்று விட்டால் கஜீபனைக் கலியாண மாதம் முடியும்வரை பிடிக்க ஏலாது.

"வந்து... பூதம் சின்னனாய் இருக்கேக்கை, தாயைத் தேடி மழையிலை நிண்டது, மாஸ்ரர். குடை பிடிச்சுக்கொண்டு போன ஒருத்தரும் ஒரு குடை குடுக்கேல்லை. அந்தக் கோபம்."

மாஸ்ரர் கண்ணை மூடினார். "ம்... ஆழமான விசயம். பத்து நிமிசம் தாரும். உணர்ச்சியை உள்ளுக்கை இறக்கவேணும்."

தன் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தவர் வேறு மனிதர். "குடை வேணும்... குடை வேணும்..." என்றபோது குரல் தழுதழுத்தது. கறுமுறெண்டு கடித்தபோது கன்னத்துச் சாயம் கண்ணீரில் கரைந்தது.

கிச்சுகிச்சு மூட்ட நின்ற பதினான்கு பிள்ளைகளும் கோரஸாக அழத் தொடங்கின. தாரிகா என்ற சின்னவள் ஓடிப்போய்த் தன் பிஸ்கற்றைப் பூதத்தின் கையில் வைத்தாள்.

"பிள்ளையள், இப்ப நீங்கள் கலைக்கவேணும்!" என்று உதயகலா கத்தினாள்.

"மாட்டம் ரீச்சர். பாவம் பூதம். அதுக்கு அம்மா இல்லை."

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசனுக்குக் குழப்பம் வந்துவிட்டது. அரசன் தம்பிஐயா. தோட்டம் அவருடையது என்பதால் அரசமுடியும் அவருக்கே போனது.

"இஞ்சை பார் தங்கச்சி, அப்ப நான் ஆர்? தாயில்லாப் பிள்ளையைக் கலைக்கச் சொல்லுற மனிசனோ? நாளைக்கு நான் சந்தைக்குப் போறேல்லையோ? அந்தாளுக்கு ஒரு காரணம் இருந்தால் எனக்கும் ஒண்டு தா."

உதயகலாவுக்கு இப்போது கை பழகிவிட்டது. "உங்கடை ராசாத்தி செத்துப்போனா, அண்ணை. அவ விட்டிட்டுப் போனது ஒரேயொரு குடை. அதைத்தான் பூதம் திண்டிட்டுது."

தம்பிஐயாவின் முகம் மலர்ந்தது. முடியைச் சரிசெய்து, வெங்காயப் பாத்தியில் மண்டியிட்டு, வானத்தைப் பார்த்து, வசனத் தாளில் இல்லாத ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்து முழங்கினார்.

"என்ரை தர்சிகா! உன்ரை குடையும் போயிட்டுதே!"

தேத்தண்ணிப் போத்தலோடு வரப்பில் வந்துகொண்டிருந்த குணலட்சுமி அப்படியே நின்றாள். அவருடைய மனைவி.

"ஆர் உவள் தர்சிகா?"

"ராசாத்தியப்பா. செத்துப்போனா."

"ரீச்சர், நீங்களோ பேர் வைச்சனியள்?"

உதயகலா தாளைப் பார்த்தாள். அதில் அந்தப் பெயர் இல்லை.

"சும்மா வாயிலை வந்த பேரப்பா!" என்றார் அரசன்.

"உள்ளுக்கை இருந்தால்தானே வாயிலை வரும்!"

போத்தலையும் கொண்டு அவள் திரும்பி நடந்தாள். "இஞ்சேரும், இஞ்சேரும்" என்று தம்பிஐயா மோட்டச்சைக்கிளை உதைத்து, முடியும் சால்வையுமாகப் பின்னால் போனார். சந்தியில் நின்றவர்கள் அரசனுக்கு எழும்பி வழிவிட்டதாகப் பிறகு கேள்வி.

மிச்சமிருந்த அரச வசனங்களை உதயகலா கதையில் வரும் காகத்திடம் கொடுத்தாள். காகம், முன்பள்ளி உதவி ஆசிரியை ஜெயனி. கறுப்புக் காகிதச் சிறகோடு அவள், "பூதமே, குடைகளை எங்கே ஒளித்தாய்?" என்று அதட்டினாள். பூதம் பதில் சொல்லவேண்டிய இடம்.

மாஸ்ரர் அவளைக் கனநேரம் பார்த்தார். பிறகு உதயகலாவின் பக்கம் திரும்பினார்.

"காகம் ஏன் அரசனைப்போலக் கதைக்குது?"

"அது... அது போன பிறவியிலை அரசன், மாஸ்ரர்."

"ஓ. பத்து நிமிசம் தாரும்."

காருக்குள் போனார்.

"எனக்கு அது முதலே தெரிஞ்சிருந்தால் நான் வேறை மாதிரிக் கரைஞ்சிருப்பன்" என்று ஜெயனி மூக்கைச் சிந்தினாள். காகத்தின் பகுதியையும் முதலிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று.

இரண்டேமுக்கால். கடைசிக் காட்சி மட்டும் மிச்சம். கஜீபன் கமெராப் பையைப் பாதி கட்டிவிட்டான். அப்போதுதான் தோட்டத்து மூலையில் தண்ணி இறைக்கிற மெசின் படபடவென்று உயிர்பெற்றது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வந்தது.

"அக்கா, படம் பிடிக்கிறம்!" என்று ஜெயனி கத்தினாள்.

"என்ரை வெங்காயத்துக்கு நான் தண்ணி விடுறன்!" என்று மெசினடியிலிருந்து குணலட்சுமியின் குரல் வந்தது. "வேணுமெண்டால் தர்சிகாவை வந்து நிப்பாட்டச் சொல்லு!"

பாத்திகள் நிரம்பின. பிள்ளைகள் வரப்பில் ஏறிக்கொண்டன. கிச்சுகிச்சு மூட்ட ஒருவரும் கீழே இறங்கவில்லை. கணுக்கால் தண்ணீரில் பூதம் தனியே நின்றது.

"மாஸ்ரர், தும்மிப்போட்டு, கடைசி வசனத்தைச் சொல்லிச் சிரியுங்கோ. அவ்வளவுதான்!"

மாஸ்ரர் வாயைத் திறந்தார். மூடினார்.

"பூதம் ஏன் சிரிக்கவேணும்?"

உதயகலாவுக்குள் ஏதோ அறுந்தது. "தெரியாது மாஸ்ரர்! எனக்கு ஒண்டும் தெரியாது! பத்து நிமிசமும் இல்லை! கஜீபன், நீ எடு!"

கமெரா ஓடியது. மாஸ்ரர் அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தூரத்துப் பனைகளைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முழுதாக இரண்டு நிமிடம். பிறகு மெல்லச் சேற்றில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"போதும்" என்று கஜீபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கையில் இருந்ததை ஒட்டி அனுப்பிவிட்டு உதயகலா படுத்துக்கொண்டாள். மூன்று கிழமை கழித்துத்தான் தொலைபேசி வந்தது. முதற்பரிசு. பரிசளிப்பன்று நடுவர்களில் ஒருவர் மேடையிலேயே கண்ணைத் துடைத்தார். பெருகும் தண்ணீருக்கு நடுவில் அந்த நீண்ட மௌனம், சொற்களால் சொல்லமுடியாத ஒரு பூதத்தின் துயரம் என்றார்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது மட்டும் தாரிகா கேட்டாள். "ரீச்சர், கடைசியிலை பூதத்துக்கு வயித்துக்குத்தோ?"

உதயகலா அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டு பத்திரிகைக்கும் ஒரு வானொலிக்கும் பேட்டி கொடுத்தாகிவிட்டது. எல்லாப் பாத்திரத்துக்கும் ஓர் உள்மனம் உண்டு, கேட்கத் தெரியவேண்டும் என்று சொல்லப் பழகியிருந்தாள். அடுத்த படத்துக்கு ஓர் அழுகிற அணிலும் தயார்.

ஆனாலும் நன்றி மறக்கவில்லை. பரிசுக் கேடயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு தெல்லிப்பழைக்கு பஸ் ஏறினாள். மாஸ்ரர் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் மனைவி சீலா கதவைத் திறந்து, இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இது மாஸ்ரருக்குத்தான் சேரவேணும், அன்ரி" என்று உதயகலா கேடயத்தை மேசையில் வைத்தாள். "நான் வெறும் சின்னப்பிள்ளைக் கதையெண்டுதான் நினைச்சனான். ஒவ்வொரு இடத்திலையும் அவர் 'ஏன்' எண்டு கேட்டிராட்டில், அந்தப் பூதத்தின்ரை மனசு எனக்கு விளங்கியே இராது."

சீலா கோப்பையை நீட்டிய கையோடு நின்றாள்.

"ஐயோ பிள்ளை, உங்களையும் கேட்டவரோ? வகுப்பிலையும் நாப்பது வருசமாய் உதுதான். சொல்லவேண்டியது மறந்துபோனால் 'ஏன்' எண்டு ஒரு கேள்வியைப் போட்டிட்டு, அதுகள் யோசிக்கிற நேரத்துக்கை மனிசன் புத்தகத்தைப் பாத்திடும்."