பிளக்குக்குக் கொழுப்பு அப்பும் கன்னியப்பன்கள்

உலகத்தில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. கொஞ்சம் நல்லது என்று யாராவது சொன்னால் போதும், ஜாஸ்தி இன்னும் நல்லதுதானே என்று கிளம்பிவிடுவார்கள். கஷாயத்தை ஒரு மிடறு குடி என்றால் சட்டியையே கவிழ்ப்பார்கள். உங்கள் வீட்டில் இல்லையா? நன்றாகத் தேடிப் பாருங்கள்.

என் ஓர்ப்படியாள் கோவிந்தம்மாளின் தம்பி கன்னியப்பன் அந்த வகைக்கே தலைவன். பேரணாம்பட்டில் மோட்டார் பஸ் ஓட்டினான். சூட்டிலும் தூசியிலும், இன்ஜினில் பொறி தட்டும் பிளக்கின் மரை இறுகிப்போகும், கழற்றினால் உடையும். அதனால் பென்சில் கரியை எண்ணெயில் குழைத்து மரையில் விரல் நுனியால் தொட்டுவை என்று மெக்கானிக் வாஹித் பாஷா சொல்லித் தந்தார். தொட்டுவைப்பதா? தோல் பதனிடும் டேனரியிலிருந்து ஆட்டுக் கொழுப்பை டின்னோடு வாங்கிவந்து, கரியைக் கொட்டிப் பிசைந்து, பிளக்கு, சக்கரத்து நட்டு, கதவுக் கீல், ஹாரன், மூட்டை கட்டும் கம்பி என்று கை எட்டிய இடமெல்லாம் அப்பினான். பஸ் புறப்பட்டால் ஊர் நாய்களும் புறப்படும்.

கோவிந்தம்மாள் மகன் ராமலிங்கத்துக்கு ஒடுகத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிப்போனவன் தாய்மாமன் கன்னியப்பன்தான். பள்ளிகொண்டாவில் காப்பிக்கு நிறுத்தினார்கள். சும்மா இருப்பானா? விசேஷ நாளாயிற்றே என்று பிளக்குகளைக் கழற்றி, பொறி பறக்கும் மூக்குவரை கொழுப்பை அப்பி மாட்டினான். அப்புறம் இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றியும் பஸ் உயிர் பெறவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் கோவிந்தம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா, பேஜார் பண்ணுது."

"இந்த முகூர்த்தத்த வுட்டா ஆடி கழிஞ்சுதான்டா! அந்த டின்ன ஒன் தலையில கவுத்துடுவேன்!"

ஸ்பேனரை மாட்டித் திருகினான். பிளக்கு வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. அவன் முகமெல்லாம் பல்.

"பாத்தியாக்கா, எவ்ளோ சுளுவா கழண்டுது!"

"கழட்டவாடா வந்தோம்?"

துடைக்கத் துணி வேண்டும். அவனிடம் இருந்த துணியெல்லாம் கொழுப்பு. மாப்பிள்ளை தன் பட்டு அங்கவஸ்திரத்தை உருவிக் கொடுத்தான். துடைத்து மாட்டியதும் பஸ் இருமிக்கொண்டே கிளம்பியது.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறியது. கல்யாணப் பெண் சௌந்தரம், பக்கத்தில் கறுத்துக் கிடந்த அங்கவஸ்திரத்தைப் பார்த்து, "இன்னா வாசன இது?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்க மாமன் ஆசீர்வாதம்" என்றான் ராமலிங்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன பண்டிகைக்கு வந்த மருமகன் "போதும், போதும்" என்று இலையைக் கையால் மறைத்தபோது, அவர் விரலிடுக்கு வழியாக நெய்யை ஊற்றியது யார்?