காவல் காத்த கோழி

அந்தப் பூட்டுக்காரருக்குத் தெருவே வச்ச பேரு 'இழுத்துப்பாரு'. பூட்டைப் பூட்டுவாரு, இழுத்துப் பார்ப்பாரு. நாலு எட்டு போவாரு, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாரு. கல்யாணத்துல மோதிரம் மாட்டின கையோட பொண்ணு விரலையும் ஒரு இழுப்பு இழுத்தவருன்னா பாத்துக்கங்களேன்.

அன்னிக்குக் காலையில அவர் பொண்டாட்டி தன் பட்டன் போன்லேருந்து வீங்கிப்போன பேட்டரியைக் கழட்டிக் கையில குடுத்து, "ஏங்க, இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மறந்துடாதீங்க"ன்னா. கருவிப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு மனுஷன்.

பைன்னதும் ஞாபகம் வருது. முன்ன ஒரு தடவை, ஒரு பேங்க் மேனேஜர் வீட்ல இரும்பு பீரோ சாவி தொலைஞ்சுதுன்னு இதே பையோடதான் போனாரு. திறந்தா நகையுமில்ல, பத்திரமுமில்ல. ஒரு பிஸ்கட் டப்பா! மேனேஜர் காதோரமா வந்து, "வீட்ல சொல்லிடாதீங்க, எனக்கு சுகர்"னாராம். அன்னிலேருந்து நம்மாளுக்கு ஒரே முடிவு. வீட்டுக்கு வீடு யாரோ எதையோ ஒளிச்சுத் திங்கறாங்க!

எங்க விட்டேன்? ஆங், கோழிக் கதைக்கு வர்றேன். மத்தியானம் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தா, சமையல்கட்டுல முழுக்கோழி ஒண்ணு கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு மல்லாந்து கிடக்கு. பக்கத்துல பொண்டாட்டி காதுல போனை வச்சுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசறா.

"ஆமாக்கா, முழுசா ரோஸ்ட் பண்றேன். தொடை ரெண்டும் உனக்குத்தான். அவருக்குத் தெரிய வேண்டாம். பின்வாசல் திறந்தே இருக்கும்."

தொடை! சொத்தே போனாலும் தாங்குவாரு, தொடை போனா தாங்குவாரா?

"போன்ல யாரு?"

"யாருமில்லையே!" போன் மாயமா இடுப்புக்குப் போயிடுச்சு.

"நீ பேசினதை என் காதால கேட்டேன்."

"உங்களுக்கு எல்லாமே சந்தேகம். போய்ப் படுங்க. நான் காயை நறுக்கணும்."

கையில கத்தி! காய் நறுக்கற கத்திக்குத் தொடை நறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"கத்தியை இங்க குடு."

"உங்களுக்கு நறுக்க வராதுங்க."

"யாருக்கு வராது? சாவியோட பல்லையே நூல் கணக்கா ராவறவன் நான்!"

கேரட்டு, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் அளவெடுத்த மாதிரி நறுக்கித் தள்ளினாரு. கோழியையும் அவ தொடக்கூடாதுன்னுட்டாரு. வெண்ணெயில பூண்டையும் மிளகையும் குழைச்சு இவரே தடவினாரு, வயித்துக்குள்ள எலுமிச்சம்பழத்தை இவரே வச்சாரு. காயை ட்ரேயில பரப்பி, மேல கோழியை உட்கார வச்சு, ஓவனுக்குள்ள தள்ளி, கதவை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாரு. பின்வாசலுக்குக் கடையில இருக்கறதுலயே பெரிய பூட்டு. அப்புறம் ஓவன் முன்னாடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டாரு.

"அப்பப்ப வடியற வெண்ணெயை எடுத்துக் கோழி மேல ஊத்தணுமே, நான் வரட்டுமா?" கட்டில்ல போய்ப் படுத்துட்ட பொண்டாட்டியோட குரல்.

"நீ அசையாத! நான் ஊத்தறேன்."

"பாத்திரமாவது..."

"கழுவிட்டேன்!"

உள்ள கோழி வெந்துது, வெளிய இவரு வெந்தாரு. ஜன்னல்ல பூனை வந்தாலும், "அக்கா அனுப்பிச்சாளா?"ன்னு விரட்டினாரு. பொண்டாட்டி குறட்டை விட்டா. அதுவும் நடிப்புன்னு நினைச்சாரு.

கடைசில பொன்னா முறுகின கோழி மேஜைக்கு வந்துது. தொடை ரெண்டும் இருக்கான்னு இழுத்துப் பார்த்தாரு. இருந்துது! ஒரு ஈ காக்கா வரல. ஜெயிச்ச மிதப்புல ஒரு தொடையைக் கடிச்சாரு. இன்னொண்ணை அவ சாவகாசமா எடுத்துக்கிட்டா.

"அருமையா பண்ணியிருக்கீங்க. காய்தான் அமிர்தம்!"

"அது கிடக்கட்டும். இப்ப தெரியப் போகுது, எந்த அக்கான்னு." டக்குன்னு போனைப் பிடுங்கி பட்டனை அமுக்கினாரு. வெளிச்சமே வரல. இன்னும் அழுத்தி அமுக்கினாரு. ஊஹூம். பின்னால மூடியைக் கழட்டினாரு.

உள்ள வெறும் பள்ளம்.

அவர் பார்வை மெதுவா ஆணியில தொங்கற கருவிப் பைக்குப் போச்சு.

"நான்தான் அப்பவே சொன்னேனேங்க, யாருமில்லைன்னு" அப்படின்னு எலும்பை ஓரமா வச்சா அவ. "புது பேட்டரிக்கு இப்ப அவசரமில்ல. அடுத்த வாரம் மீன் வாங்கலாம்னு இருக்கேன்."