ரெண்டங்குலத்தாரின் கார்

யுத்த காலத்தில் கண்டித் தமிழர் எல்லாரும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தோம். காரையும் தாழ்த்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்தார். தன் சின்ன வெள்ளைக் காரை இரண்டு அங்குலம் நிலத்தோடு நெருக்கியதால் ரெண்டங்குலத்தார் என்று பெயர் விழுந்தது. பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை.

கராஜ்காரன் ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்க இரும்பறுக்கும் வாளை எடுத்தபோது இவர் குறுக்கே பாய்ந்தாராம்.

"வெட்டுறதெண்டா முதல் என்ர கழுத்தை வெட்டு! வெட்டின ஸ்பிரிங்கில கார் தவளை மாதிரித் துள்ளும். கட்டை ஸ்பிரிங் வேணும், அதுவும் இறுக்கமானது. துள்ளலை அடக்க அதுக்கேத்த கட்டை ஷொக்கும் வேணும். பிறகு நாலு சில்லும் நேரா நிக்குதோ எண்டு பாக்க வேணும்."

அத்தனையும் செய்வித்தார். அம்பிட்டிய மலைவளைவுகளில் அந்தக் கார் சற்றும் சாயாமல் போனது உண்மை. அதில் ஏறுவதுதான் பெரும்பாடு. கதவைத் திறக்குமுன் "நீர் என்ன நிறை?" என்று கேட்பார். நிறைக்கேற்பத்தான் இடம். எங்கள் கந்தோரின் பருத்த ஸ்டோர்கீப்பரை ஒருநாள் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் பஸ்ஸில் வரச் சொன்னார். தெருவில் நிற்கும் எவருடைய காரையும் மூக்கில் அமுக்கிப் பார்ப்பார். "ஒருக்கா அமத்தினா ஒருக்காத்தான் எழும்ப வேணும்." மேலும் கீழும் ஆடினால், "ஷொக் முடிஞ்சுது" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்.

என் மனைவி அப்போது நிறைமாதம். முன்பு ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள். இம்முறை பிரஷர் வேறு. கிளினிக் நாளில், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ரெண்டங்குலத்தார், "தங்கச்சி பஸ்ஸில போகக்கூடாது" என்று எங்களை ஏற்றிக்கொண்டார்.

டவுனுக்குள் நுழையுமுன் செக்பொயின்டில் மறித்தார்கள். சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தான். மூன்றும் தமிழ்ப் பெயர்கள். பிறகு சில்லுகளைப் பார்த்தான். கார் நிலத்தோடு படிந்து நிற்கிறது. உள்ளே பாரமாக ஏதோ ஒளித்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்குத்தான் அதுவரை தோன்றவில்லை.

டிக்கியைத் திறந்தால், சாக்கில் சுற்றிய இரும்புக் குழாய்கள். சிப்பாய் பின்னால் பாய்ந்து துப்பாக்கியை நீட்டினான். அவை கழற்றிய பழைய ஷொக்குகள், கூடவே பழைய ஸ்பிரிங்குகள். வீட்டுக்கார அம்மா உள்ளே வைக்க விடவில்லை என்று மனிதர் காரிலேயே சுமந்து திரிந்திருக்கிறார்!

"கார் பாரத்தில பதியேல்லை, நான்தான் பதிச்சனான்!" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தம் போட்டார். இன்னும் இரண்டு துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஷொக் என்றால் என்னவென்று காட்டியே தீருவேன் என்று நேரே இராணுவ ஜீப்பிடம் போய், அதன் மூக்கில் இரண்டு கையையும் வைத்தார்.



"ஐயா, கைய எடுங்க! சாமி சத்தியமா கைய எடுங்க!"

கத்தியது என் மனைவி. வயிற்றைப் பொத்திக்கொண்டு வெயிலில் நின்றாள். ரெண்டங்குலத்தார் திரும்பி அவளைப் பார்த்தார். கையை எடுத்தார்.

சீட்டுகளைக் கழற்றி, குழாய்களை உருட்டிப் பார்த்து, எங்களை விட்டபோது மதியம் தாண்டிவிட்டது. கிளினிக் முடிந்திருந்தது. திரும்பி வரும்போது அவர் கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினார்.

அடுத்த வாரம் விடியற்காலையில் வலி வந்தது. ஓடிப்போய் அவரை எழுப்பினேன். வாசலில் நின்ற காரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெடுநெடுவென்று நின்றது. முதல்நாள்தான் கராஜில் விட்டு, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்பப் பூட்டியிருந்தார்.

"என்னண்ணே இது?"

"றோட்டு சரியில்லை. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறும்."

செக்பொயின்டில் சிப்பாய் அட்டைகளைப் பார்த்தான், காரைப் பார்த்தான், போகச் சொல்லிக் கையசைத்தான். வளைவுக்கு வளைவு கார் சாய்ந்தது. "ஆடுது, ஆடுது" என்று, வலி எடுத்தவளைவிட அவர்தான் அதிகம் முனகினார்.

மகள் பிறந்தாள். எங்களை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர், கதவைத் திறக்குமுன் கேட்டார்.

"பிள்ளை என்ன நிறை?"

"ஆறு றாத்தலுங்க," என்றாள் என் மனைவி.

யோசித்தார். "அப்ப நடுவில இருங்கோ, தங்கச்சி."

மறுபடி எப்போது பதிக்கப்போகிறீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "பிள்ளைக்கு ஊசி போடப் போக வேணுமெல்லே," என்றார். அப்புறம் நேர்சரி என்றார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் என்றார். கார் பதியவே இல்லை.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அவர் இருந்தவரை அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை.