மூடாமல் விட்ட டேக்

மனைவியை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு சன்னல் திரைச்சீலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மடிப்பு பிசகியிருக்கிறதாம். திரைச்சீலை தைத்து விற்றவளுக்குப் போகிற இடத்திலும் கண் சும்மா இருக்காது. கணவர் விஷயத்திலும் அப்படித்தான். எந்தப் பிசகையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒன்றே ஒன்றை மட்டும் ஒரு வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்தாள்.

அவள் கடையின் வெப்சைட் அவர் பொறுப்பு. எக்ஸ்எம்எல் என்ற கணினி மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திரைச்சீலையின் பெயர், துணி, நீளம், அகலம், நிறம் எல்லாவற்றையும் திறக்கும் டேக், மூடும் டேக் என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதி ஒரே ஃபைலில் அடுக்குவார். வெப்சைட் அதைப் படித்துப் பக்கமாக்கிக் காட்டும். திறந்த டேக் ஒன்றை மூடாமல் விட்டால் மொத்தக் கடையும் படுத்துவிடும். இதை வீட்டில் அடிக்கடி சொல்வார். பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் கட்டாயம் சொல்வார்.

ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், அவர் வீட்டில் சும்மாதான் இருக்கிறார், கம்ப்யூட்டரோடு விளையாடுவார் என்று சொன்னது காதில் விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளாகவே வந்து கெஞ்ச வேண்டும். பதிலுக்கு, ஆயுசுக்கும் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை வாங்க வேண்டும். மூடும் டேக் ஒன்றை அழித்தார், சேமித்தார், பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வாயே திறக்கவில்லை. சாயங்காலம் அண்ணிதான் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"இன்னிக்குத்தானே ஓட்டல்காரங்க வெப்சைட்டைப் பார்த்து ஆர்டர் குடுக்கறதா இருந்தாங்க? எல்லா ரூமுக்குமாமே?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். காலையில் மனைவி ஏதோ சொன்னதும், திரையைப் பார்த்தபடியே தான் 'ம்' கொட்டியதும் ஞாபகம் வந்தன. அவள் இந்த ஆர்டரை நம்பித்தான் புதுத் தையல் மெஷின் வாங்கியிருந்தாள். பஸ்ஸில் வழி நெடுக மன்னிப்பு ஒத்திகை நடந்தது.

வீட்டில் அவள் துணி அளந்துகொண்டிருந்தாள்.

"ஓட்டல்காரங்க..." என்று இழுத்தார்.

"பார்த்தாங்க. ஆர்டரும் குடுத்துட்டாங்க."

"வெப்சைட் எப்படித் திறந்துச்சு?"

"அது உங்க ஃபைலைப் படிச்சாத்தானே திறக்காமப் போகும்? போன வருஷம் நீளத்தையும் அகலத்தையும் மாத்திப் போட்டீங்களே, அன்னிக்கே நம்ம பொண்ணுகிட்ட சொல்லி வேற ஃபைலுக்கு மாத்திட்டேன். நீங்க எழுதறதைப் பார்த்து, சரியா இருந்தா அதுல எடுத்துப் போடுவேன்."

"ஒரு வருஷமாவா?"

"ஆமா. இன்னிக்கு ஒரு டேக்கை மூடாம விட்டிருந்தீங்க. ஊருக்குக் கெளம்பற அவசரமாக்கும்னு நெனச்சேன்." அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "அவசரம்தானே?"

"அவசரம்தான்," என்றார்.

"அப்ப சரி. பாத்திரம் அப்படியே கெடக்கு."

அன்றுபோல நிம்மதியாக அவர் என்றைக்கும் பாத்திரம் கழுவியதில்லை.

அவள் போன பிறகு கடையை மகள் நடத்துகிறாள். அவர் தினமும் உட்கார்ந்து டேக் போடுகிறார். வெப்சைட் அந்த ஃபைலை இன்னும் படிப்பதில்லை.