எதிர்த்தெருவின் மார்க்கு

"டீச்சர், உங்க பசங்க சராசரி ஏழு. ஒண்ணுமே சொல்லித்தராத எதிர்த்தெரு பசங்க ஒன்பது," என்றார் மார்க் போட வந்த அறக்கட்டளை ஆள் கோகுல்நாத், டேப்லெட்டைத் துடைத்தபடி.

சுலோசனா டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். திருமுல்லைவாயிலில் விளையாட்டாய்ப் பாடம் சொல்லும் மழலையர் மையத்தின் டீச்சர் அவள்; செலவு அறக்கட்டளையுடையது. திட்டம் பலிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, எதிர்த்தெருவைச் சும்மா விட்டிருந்தது அறக்கட்டளை. மாதம் ஒருமுறை இரு தரப்புக்கும் பத்துக் கேள்வி. மூன்றாம் மாதமும் வித்தியாசம் தெரியாவிட்டால் மையத்துக்குப் பூட்டு. அவள் வேலைக்கும் சேர்த்து.

கடையில் வாங்கியவனைவிட வேடிக்கை பார்த்தவன் பை கனத்தால் வியாபாரி என்ன செய்வான்? சரக்கைக் கூட்டுவான். சுலோசனாவும் தினம் ஒரு மணி நேரம் கூட்டினாள்.

அடுத்த மாதம்: "அஞ்சு. அவங்க ஒன்பதரை."

"எப்படி சார்?"

"உங்க ராகேஷை இது என்ன கலர்னு கேட்டேன். 'நீ சொல்லு பாக்கலாம்'கிறான்."

"பயந்திருப்பான் சார்."

"பயமா? சிவப்புன்னேன். 'வெரி குட்'னு என் கன்னத்தைத் தட்டறான்."

சுலோசனா விடவில்லை. பொம்மை, பாட்டு, கதை என்று கிளப்பிவிட்டாள். மறக்காமல் இருக்கப் பட அட்டைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் மாதம்: "மூணு. அவங்க பத்துக்குப் பத்து. மன்னிச்சுக்கங்க டீச்சர், நாளைக்கு அறிக்கை அனுப்பணும்."

சுலோசனா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிர்த்தெருவுக்குப் போனாள். முதல் வீட்டு வாசலில் சாமுண்டீஸ்வரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்கும் பத்துக்குப் பத்து.

"உண்மையைச் சொல்லு சாமுண்டி. யார்கிட்ட டியூசன் வெச்சிருக்கீங்க?"

"டியூசனா? நல்லா கீது போ டீச்சரம்மா. நீங்கதான கெடுத்து வெச்சுக்கீறீங்க."

"நானா?"

"பின்ன? சாயங்காலமானா உங்க பசங்க பதினஞ்சும் இங்க வந்து டீச்சராயிடுது, எங்க பசங்கள வரிசையா ஒக்கார வெச்சு கேள்வி கேட்டு உயிர எடுக்குது. நீங்களே சொல்லுங்க, கேள்வி கேக்கற டீச்சரு எங்கனா பதில் சொல்லுமா?"