ஒரே கிளையில் ஆறு பேர்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தைத் தாண்டி நேரே வாசகர் கடிதப் பகுதியைத் திறக்கும் பழக்கமுள்ள இருபத்திரண்டு வருடச் சந்தாதாரன், ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். இந்த வாரம் தனித்தனியாக நலம். தாங்களும், தங்கள் துணையாசிரியர்களும், என் கடிதங்களில் ஒற்றெழுத்துகளைத் தவறாமல் விழுங்கிவரும் தங்கள் அச்சுப் பிரிவினரும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

வழக்கம்போல் சாலைப் பள்ளம் பற்றியோ, தெருவிளக்கு பற்றியோ எழுதியிருப்பேன் என்று இந்தக் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிட வேண்டாம். இது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். வேறு வாய் வழியாகத் தங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஒரு கல்லூரி டீச்சர். அவர் நடத்தும் பாடத்துக்கு டிஜிட்டல் மானுடவியல் என்று பெயர். வரலாறு, இலக்கியம், பழைய கடிதம், பழைய செய்தித்தாள் என்று மனிதர்கள் எழுதிவைத்ததையெல்லாம் கணினிக்குக் கொடுத்து, அது எண்ணிச் சொல்வதை வைத்து மனிதர்களைப் புரிந்துகொள்வதாம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாத ஊர்களில் இருக்கிறார்கள், வகுப்பு முழுக்க இணையத்தில்தான். மாடியில் இணைப்பு ஒரு வாக்கியத்தின் நடுவில் டீச்சரை வாய் திறந்தபடி உறைய வைத்துவிடுகிறது என்பதால், "கீழ வந்து எங்க சாப்பாட்டு மேஜையில உக்காந்து நடத்துங்க" என்று என் மனைவி கூப்பிட்டார். அன்று முதல் வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீடு கல்லூரி. நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல், பாடத்தைக் கேட்பேன்.

ஒரு நாள் டீச்சர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பலர் பல வருடமாக எழுதிய சின்னச் சின்ன எழுத்துகள் ஒரே இடத்தில் மொத்தமாக வேண்டும், எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றார். நான் உள்ளே போய், என் பதினோரு நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். தங்கள் வாசகர் கடிதப் பகுதி, வெட்டி ஒட்டியது, தேதி வாரியாக, மொத்தம் நாலே கால் கிலோ. "சார், இது புதையல்!" என்றார் டீச்சர். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நோட்டைத்தான் சொன்னார் என்றாலும் நானும் கொஞ்சம் சேர்ந்து வாங்கிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

அவர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஆளுக்கு நாற்பது கடிதம் என்று பிரித்து, திரையில் ஒரு பக்கம் படமும் மறு பக்கம் வெற்றுத் தாளுமாக வைத்துத் தட்டச்சு செய்து முடித்தார்கள். முதலில் சொற்களை எண்ணினார்கள். எங்கள் ஊர் இருபத்திரண்டு வருடத்தில் அதிகம் உச்சரித்தது அன்பு, அமைதி, அறம் எதுவும் இல்லை, 'ஆவன செய்யுமாறு'. பிறகு வரைபடத்தில் குறித்தார்கள். எந்தக் கடிதம் எந்த இடத்தைப் பற்றிப் புகார் சொல்கிறதோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. ஊர் முழுக்க ஒன்றிரண்டு புள்ளிகள் சிதறிக் கிடக்க, ஒரே ஒரு தெருவில் மட்டும் அம்மை போட்ட மாதிரி குவிந்திருந்தது. "இந்தத் தெரு ஜனங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க போல" என்று திரையில் ஒரு பையன் பரிதாபப்பட்டான். அது எங்கள் தெரு. நான் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது பாடம் எழுத்து நடை. ஒருவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்று அந்தக் கருவி பார்ப்பதே இல்லையாம். 'ஆகவே', 'எனினும்', 'மேலும்' என்று, நாம் யோசிக்காமலே போடுகிற பொடிச் சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுமாம். பெயரை மாற்றலாம், கையெழுத்தை மாற்றலாம், இந்தப் பொடிச் சொற்களை மாற்ற முடியாது என்றார் டீச்சர். எண்ணி முடித்ததும் ஒரு மரம் போலப் படம் வரையும். ஒரே மாதிரி எழுதுகிறவர்கள் ஒரே கிளையில் உட்காருவார்கள். இதைக் கேட்டதும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இன்னொரு தம்ளரும் குடித்தேன்.

ஆசிரியர் அவர்களே, ஒருவர் மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பது தங்கள் பத்திரிகையின் விதி. பள்ளத்துக்கு அந்த விதி தெரியுமா? அது மாதத்துக்கு மூன்று தடவை ஆளைக் கவிழ்க்கிறது. ஆகவே என் சொந்தப் பெயர் போக, 'நடுநிலையாளன்' என்றும், 'பாதசாரி' என்றும், 'தூக்கம் கெட்டவன்' என்றும், நெஞ்சைத் தொட வேண்டிய விஷயங்களுக்கு 'மூன்று பிள்ளைகளின் தாய்' என்றும் எழுதிவந்தேன். முகவரிக்கு முடிதிருத்துபவர், தையல்காரர் என்று நண்பர்கள் கைகொடுத்தார்கள்.

மரம் திரையில் வந்தது. நோட்டுகளின் சொந்தக்காரர் என்று டீச்சர் என்னையும் மேஜையில் உட்கார வைத்திருந்தார். கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி, வகுப்பிலேயே கெட்டிக்காரி, பேசினாள்.

"சார், இந்த அஞ்சு பேரும் ஒரே கிளையில இருக்காங்க. ஒரே ஆள்தானோன்னு தோணுது. உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறி, "தராசு காட்டினா காட்டினதுதான், எதிர்த்துப் பேசாதே" என்று வியாபாரிகளை மிரட்டியவன் நான். இன்று தராசு என்னைக் காட்டுகிறது. பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

"அஞ்சு பேர்ல எது சார்?"

"எல்லாமே."

"மூன்று பிள்ளைகளின் தாயுமா சார்?"

"அதுவும் நான்தான்."

திரையில் இருபத்தாறு கட்டங்களிலும் இருபத்தாறு பேர் ஒலியை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள். சத்தமில்லாமல் சிரிக்கிற இருபத்தாறு பேரை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போன்ற அனுபவம் தங்களுக்கு வர வேண்டாம். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஆறாவதா ஒருத்தரும் அதே கிளையில இருக்கார் சார். 'இன்னொரு வாசகர்'."

எனக்கு வந்ததே கோபம். இன்னொரு வாசகர் யார் என்று தங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது வருடமாக நான் எந்தப் பெயரில் எதை எழுதினாலும், சரியாக மறு வாரம் "சென்ற வாரக் கடிதத்தைப் படித்தேன், இன்னொரு பக்கமும் உண்டு" என்று ஆரம்பித்து, கத்தியை வெண்ணெயில் தோய்த்துக் குத்துகிற ஆசாமி. அவரைத் தேடி இரண்டு தபால் நிலையங்களில் விசாரித்திருக்கிறேன்.

"அந்த ஆள் நான் இல்ல! அந்த ஆள் என் எதிரி! உங்க கருவி தப்பு!"

"இப்பதான சார் கருவி சரின்னு ஒத்துக்கிட்டீங்க?"

அப்போது மேஜையின் மறு முனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, கத்தியைக் கீழே வைக்காமலே, "அந்தப் பிள்ளைங்களை ஏன் குழப்பறீங்க? அது நான்" என்றார்.

டீச்சர் திரையை மூடினார். நான் கேட்டேன்: "நீயா?"

"நான்தான்."

"ஒன்பது வருஷமாவா?"

"பள்ளிக்கூட முகவரி போட்டு அனுப்புவேன்." என் மனைவி பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறார்.

"எங்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. வீட்ல சொன்னா 'ம்'னு சொல்லிட்டுப் பேப்பரைப் பாப்பீங்க. பேப்பர்லயே சொன்னா, ரெண்டு தடவை படிச்சு, வெட்டி, பசை தடவி, தேதி போட்டு வச்சுக்கறீங்க."

நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால், நான்தான் பேசவில்லை. அவர் "சாப்பாடு மேஜையில இருக்கு" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்த இரண்டு நாளும் நான் நோட்டுகளை எடுத்து, இன்னொரு வாசகர் எழுதிய கடிதங்களை மட்டும் முதலிலிருந்து படித்தேன். மொத்தம் அறுபத்து மூன்று. எதிரி எழுதியதாக நினைத்துப் படித்தபோது எல்லாம் குதர்க்கமாகத் தெரிந்தது. மனைவி எழுதியது என்று தெரிந்து படித்தால், பாவி, அத்தனையும் நியாயமாக இருக்கிறது.

அதில் ஏழு கடிதம் நூலகத்தைப் பற்றியவை. ஆசிரியர் அவர்களே, இதைத்தான் தங்களிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரே பொது நூலகம். முன்பெல்லாம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். அங்கே வருகிறவர்கள் தங்கள் வண்டிகளை என் வாசலை அடைத்து நிறுத்தினார்கள் என்ற ஒரே கடுப்பில், ஆறு மணிக்கே நூலகத்தை மூட வேண்டும் என்று எட்டு வருடத்துக்கு முன் எழுதினேன். நடுநிலையாளன் மின்சாரச் சிக்கனம் என்றான். பாதசாரி நெரிசல் என்றான். தூக்கம் கெட்டவன் இரைச்சல் என்றான். மூன்று பிள்ளைகளின் தாய், பிள்ளைகள் காலாகாலத்தில் வீடு திரும்ப வேண்டாமா என்று கண்ணீர் விட்டாள். 'பொதுமக்களின் பரவலான கோரிக்கையை ஏற்று' ஆறு மணிக்கு மூடுவதாக நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். அன்று நான் கைதட்டினேன். பரவலான பொதுமக்கள் நான் ஒருத்தன்தான் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு வாசகரின் ஏழாவது கடிதம் சின்னது. 'வேலை முடித்து வீட்டை எட்டவே ஆறு மணி ஆகிறவர்களும் படிக்க ஆசைப்படுவது உண்டு' என்று ஒரே வாக்கியம். பள்ளி முடிந்து பேருந்து பிடித்து என் மனைவி வீடு சேர்வது ஐந்தே முக்காலுக்கு. முன்பெல்லாம் கைகால் கழுவிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். படிப்பில் ஆர்வம் விட்டுப்போயிற்று என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. எடை பார்த்தே பிழைத்தவன், எட்டு வருடமாக என் வீட்டில் குறைந்துபோனதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நானே தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு போய், "ஏழு கடிதம் எழுதியும் நீ ஜெயிக்கலையே, ஏன்?" என்று கேட்டேன்.

"நீங்க நாலு பேரு. நான் ஒருத்தி" என்றார். தேநீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை போடலை" என்றார். பேச்சு வந்துவிட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மேற்படி நான்கு பேரும் நானே என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கடிதங்களைத் தாங்கள் இனி வெளியிடாவிட்டாலும் முணுமுணுக்க மாட்டேன். இதை மட்டும் கடைசியாக வெளியிட்டு, நூலகத்தை மறுபடி எட்டு மணி வரை திறந்து வைக்க ஆவன செய்யுமாறு, இந்தத் தடவை ஒரே ஆளாக, வேண்டிக்கொள்கிறேன். தங்கள் நாளிதழ் நீடூழி வாழ்க, பிழைதிருத்துபவர் பார்வை கூர்மை பெறுக.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன் (ஒருவன்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு மாடி டீச்சர் ஓடி வந்தார்; உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். அந்த மரம் தப்பாம். ஒட்டிய கடிதங்களின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவது வழக்கம். என் கடிதங்களுக்குப் பக்கத்தில் 'அருமை', 'ஆகவே இதற்குப் பதிலே கிடையாது' என்றும், இன்னொரு வாசகருக்குப் பக்கத்தில் 'மடையர், எனினும் மொழி நன்று' என்றும் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் எனக்கு அக்கறை இல்லாததால் அங்கே எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் படத்தில் இருந்ததையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் அடித்துவிட்டார்கள். ஆறு பேரும் ஒரே கிளையில் உட்கார்ந்தது அந்தச் சிவப்பு மையால்தான். குறிப்புகளை நீக்கிவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டினால் ஆறு பேரும் ஆறு மூலைக்குப் பறக்கிறார்கள். மூன்று பிள்ளைகளின் தாய் என் கிளைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக, என்னை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை; நானாக வாயைக் கொடுத்தேன். எனவே மேலே கண்ட ஒப்புதல் முழுவதையும் வாபஸ் பெறுகிறேன், நூலகம் பற்றிய வேண்டுகோள் மட்டும் நிற்கட்டும். இன்னொரு வாசகர் தன் ஒப்புதலை வாபஸ் பெற மறுத்துவிட்டார். 'மடையர்' என்ற குறிப்பை அலமாரி துடைக்கும்போது அன்றைக்கே படித்துவிட்டதாகவும், இதற்கெல்லாம் பதில் அடுத்த வாரம் தங்கள் பத்திரிகையில் வரும் என்றும் சொல்கிறார். தயவுசெய்து அதைச் சுருக்காமல் போடவும். கத்தரிக்கோலும் பசையும் எடுத்து வைத்துவிட்டேன்.