மீன் கடையில் நின்ற நீலப் புள்ளி

என் மகளை நான் உளவு பார்த்தேன். அக்கறை, கவலை என்று வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை.

கோமதி எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள். லண்டனுக்குப் படிக்கப் போன முதல் வாரமே பஸ் மாறி ஏறி எங்கோ போய் இறங்கிவிட்டாள். என் மனைவி அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, தான் இருக்கும் இடம் எங்கள் செல்போனில் எப்போதும் தெரியும்படி செய்து வைத்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் கோமதி. "பயம் வந்தா மட்டும் பாருங்கப்பா" என்றாள்.

எனக்குப் பயம் வராத நேரமே கிடையாது. புள்ளி கல்லூரிக்குப் போகும், நூலகத்துக்குப் போகும், காய்கறி வாங்கப் போகும். இங்கே பேட்டையில் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி நானும் கூடவே போவேன். அது சாலையைக் கடக்கும்போது இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். (ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியருக்கு வேறு என்ன வேலை?)

ஒரு சனிக்கிழமை புள்ளி, மீன் வறுத்து விற்கும் ஒரு மீன் கடைக்குள் நுழைந்தது. கடையின் பெயரும் பக்கத்தில் ஒரு மீன் படமும் தெளிவாகத் தெரிந்தன. வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. நாங்கள் சைவக் குடும்பம். முட்டை கலந்த கேக்கையே வாசலோடு திருப்பி அனுப்புகிறவர்கள். படபடப்புத் தாங்காமல் கூப்பிட்டேன்.

"எங்கட்டி இருக்கே?"

"வெளிய வந்திருக்கேன்ப்பா. இங்க ஒரே எரைச்சல், பொறவு பேசுதேன்."

பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். சட்டியில் எண்ணெய் கொதிக்கிறது என்று முடிவு கட்டினேன். (எண்ணெய் அப்படிச் சத்தம் போடாது என்பது, சமையலறைப் பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும்.)

நண்பர் மிக்கேலிடம் ஓடினேன். கடற்கரைக்காரர், என்னோடு கல்லூரியில் வேலை பார்த்தவர். அவர் மகன் ஆன்றோ லண்டனில்தான் இருக்கிறான். கோமதிக்கும் தெரிந்தவன்.

"ஏம்வே, உம்ம மக ரெண்டு துண்டு மீன் தின்னா கடல் வத்திருமா? நாங்க தலைமுறையா திங்கோம், எங்களுக்கு என்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

"அதுக்கில்லவே. ஆன்றோ பைய ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டும். அவளுக்குத் தெரியக் கூடாது."

ஆன்றோ போனான். கடையில் அவள் இல்லை. மாடியில், காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரியில் இருந்தாள். ஒரு வார அழுக்கை இயந்திரத்தில் போட்டுவிட்டு, அது கடகடவென்று சுற்றுவதைப் பார்த்தபடி தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவன் சத்தமில்லாமல் திரும்பியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பையன். "நீங்க எங்க இங்கன?" என்று அவள் கேட்டதும் உடைத்துவிட்டான்.

"நீங்க கீழ மீன் திங்கீங்களான்னு சார் பாத்துட்டு வரச் சொன்னாவ."

தோழிகள் சிரித்த சிரிப்பில் இயந்திரச் சத்தமே கேட்கவில்லையாம். கோமதி சிரிக்கவில்லை. உடனே எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஒங்கள நம்பித்தானே குடுத்தேன்?"

அவ்வளவுதான். புள்ளி மறைந்தது.

அதன்பின் அம்மாவிடம் மட்டுமே பேசினாள். "இது தேவையா ஒங்களுக்கு?" என்று கேட்டதோடு மனைவியும் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அந்த ஊரில் மழை என்று செய்தி வந்தால் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருக்கள் எல்லாம் இருந்தன. அவள் இல்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில், "தப்பு என்னுதும்மா. இனி நீ என்னைப் பாரு" என்று என் இடம் அவளுக்குத் தெரியும்படி செய்து அனுப்பினேன். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை அந்த வேகத்தில் மறந்துவிட்டேன்.

ஒருநாள் ஜங்ஷனில், சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றேன். அடுத்த கடை அல்வாக் கடை. போன் அடித்தது. கோமதி! எத்தனை நாளைக்குப் பிறகு!

"அல்வாக் கடையில என்னப்பா வேலை?"

"ஐயோ, நான் மருந்துக் கடையிலட்டி நிக்கேன்! புள்ளி தள்ளிக் காட்டுது!"

"நம்புதேன்ப்பா" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "எதுக்கும் மிக்கேல் மாமாவை அனுப்பிப் பாத்துக்கிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு படி இறங்கினால், வேர்க்க விறுவிறுக்க மிக்கேல் நிற்கிறார்.

அன்று முதல் என்னைப் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வதில்லை. "வாயத் தொறயும்வே" என்கிறார்.